ஆண் எலியில் ஒரு கணக்கு, பெண் எலியில் ஒரு கணக்கு... உடலின் ஹார்மோனைப் பார்த்து வளருதா நாடாப்புழு? முழு விளக்கம்

ஒரே வயது, ஒரே எடை, ஒரே கூண்டு, ஒரே தீனி. ஒரு ஆண் சுண்டெலி, ஒரு பெண் சுண்டெலி. இரண்டின் வயிற்றுக்குள்ளும் ஒரே எண்ணிக்கையில் நாடாப்புழுவின் இளம்புழுக்களைச் செலுத்துகிறார்கள். சில வாரங்கள் கழித்து எண்ணிப் பார்த்தால் கணக்கு ஒத்துப்போவதில்லை. பெண் சுண்டெலியின் வயிற்றில் புழுக்கள் பல மடங்கு பெருகியிருக்கின்றன. ஆண் சுண்டெலியின் வயிற்றில் அவ்வளவு இல்லை.

காரணம் என்ன? புழுவுக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியுமா? ஹார்மோனுக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம்? ஆட்டுக்கிடாவைக் காயடிக்கும் விவசாயிக்கும், வலிப்பு வந்து ஸ்கேன் எடுக்கப் போகும் இளம்பெண்ணுக்கும் இதில் என்ன சேதி இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில்... நாடாப்புழுன்னா என்ன?

நாடா மாதிரி தட்டையாக, கணுக்கணுவாக நீளும் ஒட்டுண்ணிப் புழு இது. தலையில் இருக்கும் உறிஞ்சிகளாலும், சில வகைகளில் கொக்கிகளாலும், குடல் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பன்றியிலிருந்து மனிதருக்கு வரும் நாடாப்புழு 2 முதல் 7 மீட்டர் வரை வளரக்கூடியது. உடலில் சுமார் ஆயிரம் கணுக்கள் வரை இருக்கும். முற்றிய ஒரு கணுவில் மட்டும் ஐம்பதாயிரம் முட்டைகள் வரை இருக்கலாம்.

இந்தப் புழுவைப் பற்றி மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ஒன்று, இதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. தோல் வழியாகத்தான் உணவை உறிஞ்சுகிறது. அதாவது, நம் உடலின் ரசாயனக் குளத்தில் ஊறிக்கொண்டே வாழ்கிறது. அந்தக் குளத்தில் என்ன மாறினாலும் புழுவுக்கு முதலில் தெரியும்.

இரண்டு, நாடாப்புழுவில் தனியாக ஆண் புழு, பெண் புழு கிடையாது. ஒவ்வொரு கணுவிலும் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. ஆக, நாம் பேசப்போவது புழுவின் பாலினத்தைப் பற்றி இல்லை. அது குடியிருக்கும் உடலின் பாலினத்தைப் பற்றி.

மூன்று, இதற்கு இரண்டு பருவங்கள். வளர்ந்த புழு ஒரு உயிரினத்தின் குடலில் இருக்கும். இளம்புழு இன்னொரு உயிரினத்தின் தசையிலோ, வயிற்றறையிலோ, மூளையிலோ சிறு நீர்ப்பையாகத் தங்கும். இந்த இரண்டு பருவங்களிலும் ஹார்மோன் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

ஒரத்தநாடு பக்கம் இதைப் பற்றி ஏன் பேசணும்?

தஞ்சாவூர் பட்டுக்கோட்டை சாலையில் இருக்கும் ஒரத்தநாட்டில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் தொடங்கப்பட்டது. நெல்தான் இந்த டெல்டாவின் உயிர் என்றாலும், வயலில் வேலை இல்லாத மாதங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிவது ஆடு மாடுகளை நம்பித்தான்.

சம்பா அறுவடை முடிந்ததும் தாளடி வயல்களிலும் வரப்புகளிலும் ஆடுகள் மேயும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கிடை ஆடுகளும் வந்து சேரும். ஈரமான புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிகளை ஆடு புல்லோடு சேர்த்துத் தின்னும்போது, அதற்குள் இருக்கும் நாடாப்புழுவின் இளம்பருவம் ஆட்டின் குடலுக்குப் போகிறது. ஆட்டுப் புழுக்கையில் வெள்ளை அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இந்தப் புழுவின் கணுதான். ஆட்டுக்குடலில் இருக்கும் இந்த வகை மனிதருக்கு வலிப்பு நோயைத் தருவதில்லை. ஆனால் குட்டிகள் மெலியும், கழியும், எடை ஏறாது.

இதே ஆடு வளர்ப்பில் இன்னொரு பழைய வழக்கமும் உண்டு. காயடிப்பது. கறிக்கு வளர்க்கும் கிடாக்குட்டியின் விதையைச் செயலிழக்கச் செய்தால் கிடா நாற்றம் குறையும், முட்டல் மோதல் குறையும், சதை பிடிக்கும் என்பது விவசாயிகளின் கணக்கு. முன்பு நாட்டு முறையில் செய்தார்கள். இப்போது கால்நடை மருந்தகங்களில் பர்டிசோ இடுக்கியை வைத்து ரத்தம் சிந்தாமல் முடித்துவிடுகிறார்கள்.

காயடித்தால் அந்த உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போ, உள்ளே இருக்கும் புழுவுக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் எலியிடமும் பன்றியிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

1946: காயடித்த எலியில் குறுகிப்போன புழு

இந்த ஆராய்ச்சி ஏறக்குறைய எண்பது வருஷம் பழசு. எலிக் குடலில் வாழும் நாடாப்புழுவை வைத்து அடிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனை 1946-ல் வெளியானது.

ஆண் எலிகளைக் காயடித்தார். அவற்றின் குடலில் வளர்ந்த நாடாப்புழுக்கள் குட்டையாக, வளர்ச்சி குன்றிப் போயிருந்தன. அதே காயடித்த எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோனையோ புரோஜெஸ்டிரோனையோ கொடுத்தபோது புழுக்கள் மறுபடி வழக்கமான அளவுக்கு வளர்ந்தன. பெண் எலிகளில் சினைப்பையை நீக்கியபோது புழுவின் வளர்ச்சியில் அப்படி ஒரு பெரிய மாற்றம் தெரியவில்லை.

குடலில் இருக்கும் புழுவின் உயரத்தை எலியின் விதைப்பையில் சுரக்கும் ஒரு ஹார்மோன் தீர்மானிக்கிறது என்பது அன்றைக்குப் புதுச் செய்தி.

ஆனால் ஹார்மோன் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. எலியின் தீனியில் மாவுச்சத்தைக் குறைத்தாலும் புழு குறுகும். ஒரே எலியில் நிறைய புழுக்கள் இருந்தால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும், முட்டையும் குறையும். ஒரே வீட்டில் பத்துக் குடும்பம் இருந்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? அதே கதைதான். ஹார்மோன், தீனி, நெரிசல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புழுவின் வளர்ச்சி புரியும்.

மெக்சிகோ: கதை அப்படியே தலைகீழ்

அடுத்த பெரிய திருப்பம் மெக்சிகோ தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கார்லோஸ் லராலடே, எட்டா ஷூட்டோ, ஹோர்ஹே மொராலெஸ்-மோன்டோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். இவர்கள் எடுத்துக்கொண்டது வளர்ந்த புழுவை இல்லை. இளம்புழுவை. இந்த வகை இளம்புழுவுக்கு ஒரு விசேஷம் உண்டு. சுண்டெலியின் வயிற்றறைக்குள் மொட்டு விட்டு மொட்டு விட்டு, இணை சேராமலேயே, பெருகிக்கொண்டே போகும். பத்துப் புழுவைப் போட்டால் சில வாரங்களில் நூற்றுக்கணக்கில் எண்ணலாம்.

அவர்கள் கண்டது இதுதான்:

- தொற்றின் ஆரம்ப வாரங்களில் ஆண் சுண்டெலியைவிடப் பெண் சுண்டெலியில் புழுக்கள் அதிகம்.
- ஆணைக் காயடித்தால் அதில் புழு கூடுகிறது. பெண்ணின் சினைப்பையை நீக்கினால் புழு குறைகிறது. வித்தியாசம் சமனாகிவிடுகிறது.
- பெண் ஹார்மோனான எஸ்ட்ராடயாலைக் கொடுத்தால் புழு பெருகுகிறது. ஆண் ஹார்மோன்களைக் கொடுத்தால் குறைகிறது.

1946-ல் எலியில் என்ன பார்த்தோம்? காயடித்தால் புழு குறுகியது. இங்கே சுண்டெலியில் காயடித்தால் புழு பெருகுகிறது. ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். முரண் இல்லை. அங்கே குடலில் வாழும் முதிர்ந்த புழு, இங்கே வயிற்றறையில் வாழும் இளம்புழு. புழுவின் வகை வேறு, குடியிருக்கும் இடம் வேறு, அந்த இடத்தில் உடல் காட்டும் எதிர்ப்பும் வேறு. “ஆண் ஹார்மோன் புழுவுக்கு எதிரி, பெண் ஹார்மோன் புழுவுக்கு நண்பன்” என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஹார்மோன் எப்படிப் புழுவைத் தொடுகிறது?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, காவலாளி மூலமாக. நம் உடலின் நோய் எதிர்ப்பு சக்தி எல்லா எதிரியையும் ஒரே ஆயுதத்தால் தாக்குவதில்லை. அதில் வெவ்வேறு படைப்பிரிவுகள் உண்டு. இந்த இளம்புழுவை ஆரம்பத்திலேயே அடக்குவதற்கு ஒரு பிரிவு நன்றாக வேலை செய்கிறது. எஸ்ட்ராடயால் கூடும்போது அந்தப் பிரிவு அடங்கி, வேறொரு பிரிவின் கை ஓங்குகிறது. அந்தச் சந்தில் புழு பெருகிவிடுகிறது. ஆண் ஹார்மோன் முதல் பிரிவின் பக்கம் நிற்கிறது.

இரண்டாவது வழி, நேரடியாக. புழுக்களை உடலிலிருந்து எடுத்து, கண்ணாடித் தட்டில் ஊட்டக் கரைசலில் வளர்த்தும் பார்த்தார்கள். அங்கே நோய் எதிர்ப்பு சக்தியே கிடையாது. வெறும் புழுவும் ஹார்மோனும் மட்டும். எஸ்ட்ராடயாலும் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தபோது புழுக்கள் வேகமாகப் பெருகின. ஆண் ஹார்மோன்களைச் சேர்த்தபோது பெருக்கம் தடைபட்டது. அதாவது, நம் உடல் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் கடிதத்தை நடுவில் இருக்கும் புழுவும் பிரித்துப் படிக்கிறது.

பன்றி நாடாப்புழுவின் இளம்புழுவிலும் இதற்குச் சான்று இருக்கிறது. அந்த நீர்ப்பைக்குள் புழுவின் தலை உள்பக்கமாக மடங்கியிருக்கும். அது வெளியே நீண்டால்தான் குடலில் ஒட்டிக்கொண்டு பெரிய புழுவாக வளர முடியும். ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோனைச் சேர்த்ததும் தலை வெளியே நீண்டது. அந்த ஹார்மோனை அடையாளம் காணும் புரதத்தைப் போன்ற ஒன்று புழுவிலும் இருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே, சில நாடாப்புழு இளம்பருவங்கள் மூலப்பொருள் கிடைத்தால் தாங்களே டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோனைத் தயாரிக்கவும் செய்கின்றன.

புழு ஆண் எலியையே மாற்றிவிட்டது!

இதுவரை ஹார்மோன் புழுவை என்ன செய்கிறது என்று பார்த்தோம். புழு ஹார்மோனை என்ன செய்கிறது?

மெக்சிகோ ஆய்வாளர்கள் 1995-ல் வெளியிட்ட முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. தொற்று பல வாரங்கள் நீடித்த ஆண் சுண்டெலிகளின் ரத்தத்தில் எஸ்ட்ராடயால் அளவு வழக்கத்தைவிட சுமார் 200 மடங்கு உயர்ந்திருந்தது. டெஸ்டோஸ்டிரோன் சுமார் 90 சதவீதம் விழுந்திருந்தது. அந்த ஆண்கள் மெல்ல மெல்ல இனச்சேர்க்கை நாட்டத்தையே இழந்தன.

ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமடேஸ் என்ற நொதி ஒன்று உடலில் இயல்பாகவே உண்டு. தொற்றுள்ள ஆண் எலிகளில் அந்த நொதியின் வேலை கூடிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எஸ்ட்ராடயால் ஏறுகிறது. புழுவுக்கு வசதியான சூழல் தானாக உருவாகிறது. ஆரம்பத்தில் குறைவாக இருந்த ஆண் சுண்டெலியின் புழு எண்ணிக்கை கடைசியில் பெண்ணின் அளவை எட்டிப்பிடிக்கிறது. வாடகைக்கு வந்தவன் வீட்டையே தன் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டிக்கொண்ட கதை.

இந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது சுண்டெலிகளில் புழுக்கள் வெகுவாகக் குறைந்தன. மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படும் டமாக்சிஃபன் மருந்தும் சுண்டெலிகளில், குறிப்பாகப் பெண் சுண்டெலிகளில், புழுவைக் குறைத்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குக் கிளம்ப வேண்டாம். இவை சுண்டெலியில் செய்த சோதனைகள். மனிதருக்கு நாடாப்புழு சிகிச்சையாக இந்த ஹார்மோன் மருந்துகள் பயன்பாட்டில் இல்லை.

பன்றிகளில் என்ன தெரிந்தது?

எலி ஆய்வகத்தில் வளர்வது. நிஜ கிராமத்தில் என்ன நடக்கிறது? இதற்கும் மெக்சிகோவிலேயே பதில் தேடினார்கள். கிராமங்களில் திரியும் பன்றிகளைப் பரிசோதித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், காயடிக்காத ஆண் பன்றிகளைவிடக் காயடித்த பன்றிகளிலும், சினை இல்லாத பெண் பன்றிகளைவிடச் சினைப் பன்றிகளிலும் நாடாப்புழுவின் நீர்ப்பைகள் குறிப்பிடத்தக்க அளவுக்கு அதிகமாக இருந்தன.

சினைக் காலத்தில் உடலில் புரோஜெஸ்டிரோனும் எஸ்ட்ரோஜனும் உயர்ந்து நிற்கும். வயிற்றுக் குட்டியை அந்நியப் பொருளாக நினைத்து உடல் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக நோய் எதிர்ப்பு சக்தியும் கொஞ்சம் சுருதி மாறும். அந்த மாற்றம் புழுவுக்கும் சாதகமாகிறது.

“அப்போ இனிமே கிடாவைக் காயடிக்கக் கூடாதா?” என்று கேட்டால், அப்படி ஒரு முடிவுக்கு வர இந்த ஆய்வு போதாது. பன்றியில் கண்டது வேறு வகைப் புழு, அதுவும் இளம்பருவம். ஆட்டுக்குடலில் இருப்பது வளர்ந்த புழு. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்கு அப்படியே எழுத முடியாது. விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. காயடித்த குட்டி, சினை ஆடு, இளங்குட்டி எல்லாவற்றையும் ஒரே மாதிரி நினைக்காமல், ஒவ்வொன்றின் சாணத்தையும் எடையையும் தனித்தனியாகக் கவனிப்பது நல்லது.

மனிதருக்கு வருவோம்: மூளையில் புழு

இந்த விஷயம் எலிக் கூண்டோடு முடிந்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியதே இல்லை. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மனித மூளையில் தங்கினால் வலிப்பு வரும். இந்த நோய் பரவியுள்ள பகுதிகளில் ஏற்படும் வலிப்பு நோய்களில் சுமார் 30 சதவீதத்துக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் முக்கியமான இடம் உண்டு. ஒரு காலத்தில் வலிப்போடு வரும் நோயாளியின் ஸ்கேனில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தால், அது காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் சாண்டி, ராஜசேகர் உள்ளிட்டோர், அந்தப் புள்ளிகளுக்கு நாடாப்புழுவின் இளம்பருவம் காரணமாக இருக்கிறது என்பதை 1989-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். தேவையில்லாமல் காசநோய் மாத்திரை சாப்பிடுவதிலிருந்து பலரைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது.

பிறகு வேலூர் பகுதியில் சுமார் 50 ஆயிரம் பேரிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் இந்தத் தொற்றுதான் காரணம் என்று தெரியவந்தது.

ஆறுதலான செய்தியும் உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது ஒற்றைக் கட்டி வகை. சரியான சிகிச்சையும் கண்காணிப்பும் இருந்தால் பெரும்பாலானோருக்கு அந்தக் கட்டி சில மாதங்களில் சுருங்கி மறைந்துவிடும்.

பெண்களுக்கு இதில் கூடுதல் ஆபத்தா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எலியில் “பெண்ணுக்குப் புழு அதிகம்” என்று பார்த்தோம். மனிதரில் பதிவாகியிருப்பது வேறு. மூளையில் புழு உள்ள நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், ஆண்களைவிடப் பெண்களிடம் புழுவைச் சுற்றி ஏற்படும் அழற்சி, அதாவது வீக்கம், அதிகத் தீவிரமாக இருந்தது. மூளை முழுக்க வீங்கும் அபாயகரமான வகை குழந்தைகளிடமும் இளம்பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

மூளைத் தொற்றில் பல சமயம் புழு உயிரோடு இருக்கும்போது தொந்தரவு தெரியாது. அது சாகத் தொடங்கி, உடல் அதைத் தாக்கும்போதுதான் வீக்கமும் வலிப்பும் வரும். அதனால் ‘புழு எத்தனை’ என்பதோடு, ‘உடல் எவ்வளவு ஆவேசமாகத் தாக்குகிறது’ என்பதும் முக்கியம். இந்த ஆவேசத்தில் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஒரு பெண்ணின் ஹார்மோன் அளவை வைத்து அவருக்கு நோய் வருமா என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது.

‘வலிப்பு வந்த பொண்ணு’ என்ற பழி

மருத்துவத்தைவிடப் பெரிய பிரச்னை நம் ஊரில் இதுதான். ஒரு பெண்ணுக்கு ஒரு தடவை வலிப்பு வந்தால் போதும். அக்கம்பக்கம் தெரியாமல் மறைப்பார்கள். மருத்துவமனைக்கு முன்னால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டு உண்மைகளைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வலிப்புக்குக் காரணம் ஒரு புழு முட்டை. பரம்பரையோ, சாபமோ, அந்தப் பெண்ணின் குறையோ கிடையாது. அடுத்து, வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வாசகம் 1999-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தின் மூலம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

கர்ப்பம் தரித்திருந்தாலோ, தரிக்கத் திட்டமிட்டாலோ, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிப்பு மருந்துகளில் சில வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலையும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பது வழக்கம். எதை மாற்றுவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீங்களாகத் தொடங்கவும் கூடாது.

‘நாங்க சைவம்... எங்களுக்கு எப்படி வரும்?’

மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை இரண்டு பகுதி.

சரியாக வேகாத, நீர்ப்பை உள்ள பன்றிக்கறியைச் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது வேறு வழி. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, மண் ஒட்டிய கீரை, அசுத்தமான தண்ணீர் வழியாக வாய்க்குள் போனால்தான் மூளையில் தங்கும். முட்டைக்கு நீங்கள் சைவமா அசைவமா என்பது தெரியாது. சைவ உணவுக்காரர் வீட்டில் சமைப்பவருக்கோ, பரிமாறுபவருக்கோ குடலில் புழு இருந்தாலும் போதும்.

பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை போதுமா?

தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் தரப்படுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர, கொடுக்கிறார்கள். அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒற்றை மாத்திரையின் முக்கிய இலக்கு உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவை. மூளையில் தங்கிய நாடாப்புழுவுக்கு அது சிகிச்சை ஆகாது.

மூளைத் தொற்றுக்கு மருத்துவர்கள் வலிப்பு மருந்து, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் புழுக்கொல்லி மருந்து என்று வரிசை பார்த்துக் கொடுப்பார்கள். மூளையில் புழு இருப்பது தெரியாமல் புழுக்கொல்லியை அதிக அளவில் எடுத்தால் வீக்கம் கூடி வலிப்பு வரலாம். யூடியூப் பார்த்து மருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

என்ன செய்யணும்? வீட்டுக்கு

- கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். விரல் நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.
- பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, கேரட், வெள்ளரி போன்றவற்றை ஓடும் நீரில் பல தடவை அலசுங்கள்.
- பன்றிக்கறியை உள்பக்கம் சிவப்பு தெரியாத அளவுக்கு நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.
- மலத்தில் நாடாத் துண்டு தெரிந்தால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஒருவருக்குச் சிகிச்சை கொடுத்தால் வீடு முழுக்கப் பாதுகாப்பு.
- வயல்வெளியில் மலம் கழிப்பதைத் தவிருங்கள். பன்றிக்கும் மனிதருக்கும் இடையே சுற்றும் இந்தச் சங்கிலி அறுபடுவது அங்கேதான்.

ஆடு, பன்றி வளர்ப்பவர்களுக்கு

- காலைப் பனி காய்ந்த பிறகு ஆடுகளை மேய்ச்சலுக்கு விடுங்கள். ஈரப் புல்லின் நுனியில் உண்ணிகள் அதிகம் இருக்கும்.
- கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றாமல், சாணத்தைப் பரிசோதித்துப் புழுவின் வகை தெரிந்த பிறகு கொடுங்கள். சினை ஆட்டுக்கு எது பாதுகாப்பானது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
- ஆடு அறுத்த கழிவையும் நீர்க்கட்டி உள்ள ஈரலையும் தெருநாய்க்குப் போடாதீர்கள். நாய் வழியாக வேறு வகை நாடாப்புழுக்கள் மறுபடி ஆட்டுக்கே வரும்.
- பன்றிகளைப் பட்டியில் அடைத்து வளருங்கள். பன்றிக்கு இந்தத் தொற்று வராமல் தடுக்கும் தடுப்பூசியும் இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது.

யாருக்காவது வலிப்பு வந்தால்?

ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருளை அகற்றுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கும் நேரத்தில் நாம் சாவி கொடுத்திருப்போம், அவ்வளவுதான். வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். முதல் முறையாக வலிப்பு வந்தவர் யாராக இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

சுருக்கமாக...

நாடாப்புழு நம் உடலின் ஹார்மோனை உணர்கிறது, பயன்படுத்திக்கொள்கிறது, சில விலங்குகளில் மாற்றியும் விடுகிறது. குடலில் வாழும் முதிர்ந்த புழுவுக்கு ஒரு கணக்கு, உடலுக்குள் தங்கும் இளம்புழுவுக்கு வேறு கணக்கு. எலி, சுண்டெலி, பன்றியில் இதற்கு நேரடிச் சான்றுகள் உண்டு. மனிதரில் பெண்களுக்கு மூளை வீக்கம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது.

நம் ஹார்மோனை நாம் மாற்றிக்கொள்ள முடியாது, மாற்றவும் தேவையில்லை. புழு முட்டை வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். வலிப்பு வந்த பெண்ணை மூலையில் உட்கார வைக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம். இந்த இரண்டும் நம் கையில்தான் இருக்கிறது.